2 டிகிரியில் ஐஸ் எப்படி வந்தது?

டெல்லியில் பனி பொழிவதில்லை. அதற்குச் சிம்லா போக வேண்டும். ஆனாலும் ஆர்.கே.புரத்திலோ லோதி எஸ்டேட்டிலோ தமிழ்ப் பள்ளியில் படித்த சிலர், குளிர் முற்றிய ஒரு காலையில் மைதானத்துப் புல் வெள்ளை பூத்துக் கிடந்ததையும், ஷூ பட்டதும் நொறுநொறுவென்றதையும் சொல்வார்கள். வீட்டில் நம்பியிருக்க மாட்டார்கள். பேப்பரில் குறைந்தபட்சம் 2 டிகிரி என்று போட்டிருக்கும்போது ஐஸ் ஏது?

பிள்ளைகள் சொன்னது சரிதான். 2006 ஜனவரி 8 அன்று டெல்லியின் முக்கிய வானிலை நிலையமான சஃப்தர்ஜங்கில் பதிவானது 0.2 டிகிரி. பூஜ்யத்துக்குக் கீழே போகவில்லை. ஆனால் அன்று நகரத்தில் கார்களின் மேல் ஐஸ் படிந்திருந்தது.

வானிலைத் துறையின் தெர்மாமீட்டர் தரையிலிருந்து ஏறக்குறைய 4 அடி உயரத்தில் ஒரு பெட்டிக்குள் இருக்கும். அது சொல்வது அந்த உயரத்துக் காற்றின் வெப்பநிலை. புல்லின் கதை வேறு. தரையும் புல்லும் இரவு முழுக்க அகச்சிவப்புக் கதிராக வெப்பத்தை மேலே விட்டுக்கொண்டே இருக்கும். மேகமிருந்தால் பெரும்பங்கு திரும்பி வந்துவிடும். போர்த்திய ரஜாய் (பஞ்சு மெத்தைப் போர்வை) மாதிரி. காற்றிலுள்ள ஈரமும் ஓரளவு அந்த வேலையைச் செய்யும். சென்னையின் மார்கழி இரவு இதமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். டெல்லியிலோ மேற்கிலிருந்து வரும் மழைமேகங்கள் கடந்ததும் வானம் தெளிந்துவிடும், வடமேற்கிலிருந்து வறண்ட காற்று வரும். இரவும் பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் நீளும். போன வெப்பத்தில் கொஞ்சமே திரும்பும்.

புல்லின் இதழ் மெலிசு. சேர்த்துவைத்த சூடு கிடையாது. மண்ணின் சூடும் நுனிவரை எட்டாது. அதனால் மேலே காற்று 2, 3 டிகிரியில் இருக்கும்போதே புல் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிவிடும். அதைத் தொடும் நீராவி, தண்ணீராகாமல் நேரடியாகவே ஐஸாகப் படியும். ஊட்டிப் பக்கம் தலைகுந்தாவில் பார்க்கும் உறைபனியும் இப்படி வருவதுதான். மைதானத்தில் வேப்பமரம் இருந்தால் அதனடியில் மட்டும் புல் பச்சையாகவே இருக்கும். அங்கே புல்லுக்கு மேலே இருப்பது வெறும் வானமல்ல, தன் வெப்பத்தைக் கீழே அனுப்பும் இலைகள்.

இதை வைத்து ஒரு காலத்தில் ஐஸ் உற்பத்தியே நடந்தது. அலகாபாத்தில் நடந்ததை ஆங்கிலேயப் படைத் தளபதி ராபர்ட் பார்க்கர் 1775-ல் எழுதியிருக்கிறார். ஆழமில்லாத குழி, அதில் காய்ந்த கரும்புத் தட்டையோ சோளத் தட்டையோ பரப்பி, மேலே சின்னச் சின்ன மண்தட்டுகளில் காய்ச்சி ஆறிய தண்ணீர். விடியுமுன் ஆட்கள் வந்து ஐஸை எடுத்துக் குவிப்பார்கள். குழியில் பரப்பிய காய்ந்த தட்டைகள் மண்ணின் சூட்டைத் தடுத்தன. மீதி வேலை வானத்துடையது.

மண்தட்டில் நீர் கசிந்து ஆவியாவதால்தான் உறைகிறது என்று அன்று பலர் நினைத்தார்கள். பானைத் தண்ணீர் குளிர்வதைப் பார்த்தவர்களுக்கு அப்படித்தானே தோன்றும்! ஆனால் அதுவே முக்கியக் காரணம் என்றால், காற்றடிக்கிற இரவில் ஐஸ் கூடுதலாகக் கிடைத்திருக்க வேண்டும். நடந்தது தலைகீழ். காற்று மேலிருக்கும் சூட்டைக் கீழே கொண்டுவந்து கலந்துவிடும். அன்றைக்கு எடுக்க ஐஸ் இருக்காது.