ஓவர்டைம், டை, சடன் டெத்: அமெரிக்கக் கால்பந்தில் பொருளும் தமிழும்

ஓவர்டைம்

ஓவர்டைம் என்றால் நம்மில் பலருக்கும் முதலில் தோன்றுவது ஆலையும் சம்பளச் சீட்டும்தான். ஷிப்ட் முடிந்த பிறகும் நின்று செய்கிற வேலை, அதற்கு இரட்டிப்புக் கூலி. ஆங்கிலத்திலும் இது தொழிற்களத்துச் சொல்லே. விளையாட்டுக்கு 20ஆம் நூற்றாண்டில், அமெரிக்காவில்தான் வந்து சேர்ந்தது. பிரிட்டிஷ் கால்பந்தில் இதே ஏற்பாட்டை எக்ஸ்ட்ரா டைம் என்கிறார்கள்.

வேலைக்கு 'மிகைநேரம்' என்ற சொல் தமிழில் நிலைத்துவிட்டது. மிகைநேர ஊதியம் என்று எழுதினால் யாரும் தடுமாறுவதில்லை. இலங்கைத் தமிழில் வேலைக்கும் விளையாட்டுக்கும் 'மேலதிக நேரம்' பொதுவாக வழங்குகிறது. தமிழ்நாட்டு நாளிதழ்கள் விளையாட்டுக்குக் 'கூடுதல் நேரம்' என்கின்றன. இதில் ஒரு சிக்கல் உண்டு. சாதாரணக் கால்பந்தில், காயம்பட்டு வீணான நிமிடங்களை ஈடுகட்டச் சேர்க்கும் நேரத்தையும் அதே பெயரில் எழுதிவிடுகிறார்கள். அமெரிக்கக் கால்பந்தில் அந்தக் குழப்பத்துக்கே இடமில்லை. அங்கே கடிகாரத்தை வேண்டியபோது நிறுத்திவிடுவதால், 15 நிமிடக் கால்பகுதிகள் நான்கும் முடிந்தால் முடிந்ததுதான். ஆகவே இந்த ஆட்டத்துக்குக் 'கூடுதல் நேரம்' துல்லியமாகவே பொருந்துகிறது.

டை

கட்டு, முடிச்சு என்ற பொருளுள்ள பழைய ஆங்கிலச் சொல். இருவரையும் ஒரே கயிற்றில் கட்டிவைத்ததுபோல் சமமாக நிற்பது என்ற கருத்தில் போட்டிக்கு வந்தது. கிரிக்கெட் வழியாக நாம் நன்கறிந்த சொல்லும்கூட. 1986 செப்டம்பரில் சென்னை சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய டெஸ்ட் டை ஆனது. டெஸ்ட் வரலாற்றில் அது இரண்டாவது டை. ஓட்டங்கள் சமமாகி, கடைசி அணியின் விக்கெட்டுகளும் தீர்ந்தால்தான் டெஸ்டில் டை. நேரம் தீர்ந்து முடிவில்லாமல் போனால் அது டிரா. அமெரிக்கக் கால்பந்தில் இந்தப் பிரிவினை கிடையாது. நேரம் தீர்ந்ததாலேயே சமமாக நின்றாலும் அதற்குப் பெயர் டை.

தமிழில் 'சமன்' இதற்கு நல்ல சொல். 'சமன்செய்து சீர்தூக்குங் கோல்' என்று குறளிலேயே (118) வருகிறது. 'சமநிலை' என்பதும் வழக்கில் இருக்கிறது. இரண்டையும் பிரித்து ஆளலாம் என்பது எங்கள் பரிந்துரை. ஆட்டத்தின் நடுவில் புள்ளிகள் ஒத்திருக்கும் நிலை சமநிலை. இறுதி முடிவு சமன். "நான்காம் கால்பகுதியின் முடிவில் ஆட்டம் சமநிலையில் இருந்தது, கூடுதல் நேரத்துக்குப் பிறகும் 40–40 என்று சமனில் முடிந்தது" என்று எழுதினால் எது எந்தக் கட்டம் என்பதில் ஐயமே எழாது. ஆங்கிலம் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்திருப்பதால் செய்தியை மொழிபெயர்ப்பவர்கள் அடிக்கடி தவறுவது இங்கேதான்.

சமனுக்கு எவ்வளவு மதிப்பு என்பதும் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. தேசியக் கால்பந்து லீக், அதாவது என்.எஃப்.எல்., 1971 வரை சமன்களைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. வெற்றி விகிதத்தை வெற்றி, தோல்விகளை மட்டும் கொண்டு கணக்கிட்டார்கள். அதன் விளைவை 1932ஆம் ஆண்டுப் பட்டியலில் பார்க்கலாம். சிகாகோ பேர்ஸ் 6 வெற்றி, 1 தோல்வி, 6 சமன். போர்ட்ஸ்மத் ஸ்பார்ட்டன்ஸ் 6 வெற்றி, 1 தோல்வி, 4 சமன். கிரீன்பே பேக்கர்ஸ் 10 வெற்றி, 3 தோல்வி, 1 சமன். சமன்களை நீக்கிவிட்டால் முதல் இரண்டும் 0.857, பேக்கர்ஸ் 0.769. அந்தக் கட்டத்தில் பத்து ஆட்டங்களை வென்ற அணி மூன்றாமிடம். மற்ற இரண்டும் கூடுதலாக ஓர் ஆட்டம் ஆடி, பேர்ஸ் பட்டம் பெற்றது. 1972 முதல் ஒரு சமன் அரை வெற்றியாகவும் அரைத் தோல்வியாகவும் கணக்கிடப்படுகிறது. இந்தக் கணக்கில் 1932ஐப் போட்டுப் பார்த்தால் பேக்கர்ஸ் 0.750, ஸ்பார்ட்டன்ஸ் 0.727, பேர்ஸ் 0.692. வரிசை அப்படியே தலைகீழ்.

சடன் டெத்

மூன்றில் மிகுந்த தொல்லை தருவது இதுதான். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'திடீர் மரணம்'. விளையாட்டுப் பக்கத்தில் அது இரங்கல் செய்திபோல் விழும். ஆங்கிலேயத் திருச்சபையின் பழைய மன்றாட்டில், திடீர்ச் சாவிலிருந்து எங்களைக் காத்தருளும் என்ற வேண்டுதலில் இந்தத் தொடர் உண்டு. 19ஆம் நூற்றாண்டு வழக்கில் பொருள் வேறு திசைக்குப் போனது. நாணயத்தைச் சுண்டும்போது, மூன்றில் இரண்டு என்று பார்க்காமல், ஒரே சுண்டலில் முடிவு செய்வதை இப்படிச் சொன்னார்கள். அங்கிருந்துதான் 'முதலில் புள்ளி எடுப்பவருக்கே வெற்றி' என்ற விளையாட்டுப் பொருள் கிளைத்தது. இதை நினைவில் வையுங்கள்: என்.எஃப்.எல். விதியை அரை நூற்றாண்டு அலைக்கழித்த பிரச்சினையும் நாணயச் சுண்டல்தான்.

தமிழ்ச் செய்திகளில் 'சடன் டெத்' பெரும்பாலும் ஹாக்கி, கால்பந்து பெனால்டி சுற்றுகளில் வரும். அங்கே ஒருவர் அடித்தால் மற்றவருக்கும் அதே சுற்றில் அடிக்க வாய்ப்பு உண்டு. என்.எஃப்.எல்.லின் பழைய விதியில் அந்த மறுவாய்ப்பு இல்லை. பெயர் ஒன்று, செயல்முறை இரண்டு. அதனால் அமெரிக்கக் கால்பந்துக்கு 'முதற்புள்ளி முடிவு' என்று எழுதுவது தெளிவு. மறுவாய்ப்பு உள்ள இன்றைய விதிக்கு 'ஆளுக்கொரு முறை' என்ற பேச்சுவழக்கே போதும்.

முதற்புள்ளி முடிவு 1940களிலேயே விதிப்புத்தகத்தில் ஏறிவிட்டது, பட்டத்துக்கான ஆட்டங்களுக்கு மட்டும். பட்டப் போட்டியில் முதன்முறையாக அது நடந்தது 1958 டிசம்பர் 28இல், நியூயார்க் யாங்கி ஸ்டேடியத்தில். டாஸ் வென்று பந்தைப் பெற்றது நியூயார்க் ஜயன்ட்ஸ். முன்னேற முடியாமல் பந்தை உதைத்துக் கொடுத்துவிட்டார்கள். பால்டிமோர் கோல்ட்ஸ் 80 யார்டு நகர்ந்து, 23–17 என்று வென்றது. டாஸில் தோற்ற அணிக்கே வெற்றி. அதனால் அன்று யாருக்கும் விதி அநீதியாகப் படவில்லை.

சாதாரணப் பருவ ஆட்டங்களுக்குக் கூடுதல் நேரம் வந்தது 1974இல்: 15 நிமிடம், முதற்புள்ளி முடிவு. முதல் இருபது ஆண்டுகள் டாஸ் வென்றவருக்குத் தனிச் சலுகை எதுவும் தெரியவில்லை. 1994இல் தொடக்க உதையை 35 யார்டு கோட்டிலிருந்து 30க்குப் பின்னுக்குத் தள்ளினார்கள். பந்தைப் பெறும் அணி சற்று முன்னாலிருந்து தொடங்கியது. ஃபீல்ட் கோல் (கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்துப் பெறும் 3 புள்ளி) உதைப்பவர்களின் குறியும் ஆண்டுக்கு ஆண்டு கூர்மையானது. இரண்டு மூன்று முறை 10 யார்டு நகர்ந்தால் போதும், 3 புள்ளி உதைக்கும் தொலைவு வந்துவிடும். 1994 முதல் 2009 வரை கூடுதல் நேர ஆட்டங்களில் டாஸ் வென்ற அணி ஏறத்தாழ 60 விழுக்காடு வென்றது.

2010 ஜனவரியில் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் டாஸ் வென்று, முதல் வாய்ப்பிலேயே 40 யார்டு ஃபீல்ட் கோல் உதைத்து மினசோட்டா வைக்கிங்ஸை 31–28 என வீழ்த்தியது. வைக்கிங்ஸின் தாக்குதல் வரிசை களமிறங்கவே இல்லை. அதே ஆண்டு பிளேஆஃப் (சாதாரணப் பருவத்துக்குப் பின், தோற்றால் வெளியேற வேண்டிய ஆட்டங்கள்) விதி மாறியது. 2012இல் சாதாரணப் பருவத்துக்கும் வந்தது. முதல் அணி டச்டவுன் எடுத்தால், அதாவது களத்தின் கடைசியில் எதிரணியின் இறுதிப் பகுதிக்குள் பந்தைக் கொண்டுபோனால், ஆட்டம் அங்கேயே முடியும். ஃபீல்ட் கோல் மட்டும் என்றால் எதிரணிக்கும் ஒரு முறை.

பாதி மருந்து அது. 2017 பிப்ரவரியில், கூடுதல் நேரம் கண்ட முதல் சூப்பர் பவுலில் (பட்டத்துக்கான இறுதி ஆட்டம்), 28–3 என்று பின்தங்கியிருந்த நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் சமநிலைக்கு வந்தது, டாஸ் வென்றது, நேரே டச்டவுன் எடுத்தது. அட்லான்டா ஃபால்கன்ஸின் தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக்குக்குக் கூடுதல் நேரத்தில் பந்தே கிட்டவில்லை. 2022 ஜனவரியில் கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் பஃபலோ பில்ஸை 42–36 என வென்றதும் இதே வழியில்தான். 2010 விதியின்கீழ் நடந்த 12 பிளேஆஃப் கூடுதல் நேரங்களில் 10ஐ டாஸ் வென்றவர்களே வென்றார்கள். ஏழு, முதல் வாய்ப்பு டச்டவுனிலேயே முடிந்தன. பில்ஸ் தோல்விக்கு இரண்டே மாதத்தில் பிளேஆஃபில் இரு அணிக்கும் வாய்ப்பு உறுதியானது. 2025இல் சாதாரணப் பருவத்துக்கும் அது வந்தது.

இன்றைய விதி, படிப்படியாக

நான்காம் கால்பகுதி சமநிலையில் முடிந்ததும் மறுபடி டாஸ். வெளியூர் அணித் தலைவர் பூவா தலையா என்று, நாணயம் மேலே போகும் முன்பே சொல்லிவிட வேண்டும். 1998 நன்றியறிதல் நாளில் பிட்ஸ்பர்க்–டெட்ராய்ட் ஆட்டத்தில், நாணயம் காற்றில் இருந்தபோது தலைவர் சொன்னது எது என்று எழுந்த சச்சரவுக்குப் பிறகு வந்த கட்டுப்பாடு இது.

முதல் அணி டச்டவுன் எடுத்தாலும் (6 புள்ளி, அதன்பின் 1 அல்லது 2க்கான முயற்சி), ஃபீல்ட் கோல் எடுத்தாலும், ஒன்றும் எடுக்காவிட்டாலும் அடுத்த முறை எதிரணிக்கு. இரண்டு விதிவிலக்குகளைப் பலர் மறந்துவிடுகிறார்கள். முதல் அணியைத் தடுப்பவர்கள் அதன் சொந்த இறுதிப் பகுதிக்குள்ளேயே வீழ்த்தி 2 புள்ளி (சேஃப்டி) பெற்றால் ஆட்டம் முடிந்தது. பந்தை இடைமறித்து ஓடி டச்டவுன் எடுத்தாலும் அப்படியே. ஆளுக்கொரு முறை ஆடியும் சமம் என்றால், அதன்பிறகுதான் முதற்புள்ளி முடிவு தொடங்கும்.

சாதாரணப் பருவத்தில் இதெல்லாம் ஒரே ஒரு 10 நிமிடத்துக்குள் நடக்க வேண்டும் (2017இல் 15ஐ 10 ஆக்கினார்கள்). அணிக்கு இரண்டு டைம்அவுட். பயிற்சியாளர் மறுஆய்வு கேட்க முடியாது, காணொளியைப் பார்க்கும் காட்சியறைதான் முடிவெடுக்கும். பிளேஆஃபில் சமன் கிடையாது. 15 நிமிடப் பகுதிகள், வெற்றி வரும்வரை. 1971 கிறிஸ்துமஸ் நாளில் மயாமி–கான்சஸ் சிட்டி ஆட்டம் இப்படி 82 நிமிடம் 40 விநாடி ஓடியது.

இப்போது டாஸ் வென்றால் பந்தை எடுப்பதா, கொடுப்பதா? இரண்டாவதாக ஆடுபவருக்கு எவ்வளவு தேவை என்பது தெரியும். 3 தேவையா, 7 தேவையா என்பதைப் பொறுத்து நான்காம் முயற்சியில் (10 யார்டு நகரக் கிடைக்கும் கடைசி முயற்சி) துணியலாம். 7க்கு எதிராக டச்டவுன் எடுத்தால் 2 புள்ளி முயற்சியில் அங்கேயே வெல்லலாம். முதலில் ஆடுபவருக்குக் கிடைப்பது மூன்றாம் முறை, அதாவது முதற்புள்ளி முடிவில் முதல் கை. 2024 பிப்ரவரி சூப்பர் பவுலில் சான் ஃபிரான்சிஸ்கோ அந்த மூன்றாம் முறையை எண்ணிப் பந்தை எடுத்தது. 3 புள்ளிதான் கிடைத்தது. சீஃப்ஸ் டச்டவுன் எடுத்து 25–22 என முடித்துவிட்டது. விதி மாறியதே தங்களுக்குத் தெரியாது என்று தோற்ற அணி வீரர்கள் சிலர் பிறகு சொன்னார்கள். பிளேஆஃபில் இரண்டாவதாக ஆடுவதே மேல் என்பது எங்கள் கருத்து. 10 நிமிட ஆட்டத்தில் அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது, ஏனென்றால் கடிகாரம் இரண்டாம் அணிக்கு எதிரி.

அதில்தான் இன்றைய விவாதம் சூடாகிறது. சாதாரணப் பருவத்தில் இரண்டாம் அணியின் முறை முடியாவிட்டாலும், தொடங்கவே இல்லாவிட்டாலும், 10 நிமிடம் தீர்ந்தால் ஆட்டம் தீர்ந்தது. ஆளுக்கொரு முறை என்ற உறுதியை ஒரு நீண்ட தாக்குதல் விழுங்கிவிடலாம். விதி மாற்றத்தை முன்மொழிந்த பிலடெல்பியா அணி 15 நிமிடமே கேட்டிருந்தது. ஏற்கும்போது 10 ஆகவே வைத்துவிட்டார்கள். 2025 செப்டம்பர் 28ஆம் நாள், டல்லாஸ் கௌபாய்ஸ் 3 புள்ளி எடுத்த பிறகு, பேக்கர்ஸ் கடைசி விநாடியில் 3 எடுத்து 40–40 என்று சமனில் நின்றது. இரு அணிக்கும் முறை கொடுத்துவிட்டு அதற்கான நேரத்தைக் கொடுக்காதது விதியின் குறை.

சமனே கூடாது என்பவர்கள் கல்லூரி விதியைக் காட்டுகிறார்கள். 1996 முதல் அங்கே சமன் இல்லை. இரு அணியும் எதிரணியின் 25 யார்டு கோட்டிலிருந்து மாறி மாறித் தாக்கும், 2021 முதல் மூன்றாம் சுற்றிலிருந்து 2 புள்ளி முயற்சிகள் மட்டுமே. அதில் தொடக்க உதையும் இல்லை, களத்தின் நீளமும் இல்லை. பாதி ஆட்டம் காணாமல் போகிறது. என்.எஃப்.எல். சமனை வைத்திருப்பதில் தவறில்லை. அரை வெற்றிக்குப் பட்டியலில் உயிர் உண்டு. 2021 நவம்பரில் வெற்றியே காணாத டெட்ராய்டிடம் 16–16 என்று சமன் செய்த பிட்ஸ்பர்க், 9–7–1 என முடித்து 9–8 பெற்ற சார்ஜர்ஸைத் தாண்டிப் பிளேஆஃபுக்குப் போனது. கடைசி வாரத்தில் ரெய்டர்ஸ்–சார்ஜர்ஸ் ஆட்டம் சமனாகியிருந்தால் அவ்விரு அணிகளும் உள்ளே போயிருக்கும், பிட்ஸ்பர்க் வெளியே. கூடுதல் நேரத்தின் கடைசி உதையில், 47 யார்டிலிருந்து, ரெய்டர்ஸ் 35–32 என வென்றது.