தாலி கட்டும் படம் மங்கலா? ரீஃபோகஸ் காப்பாற்றாது

முகூர்த்த சீசன் முடிந்தால் போதும், ஆல்பம் வேலைக்கு வரும் பென்டிரைவோடு இந்த வேண்டுகோளும் வந்துவிடுகிறது: "மாப்பிள்ளை மங்கலா இருக்கார், ஃபோகஸை மட்டும் அவர் மேல மாத்திடுங்க. இப்பதான் போன்லயே வருதே!" திறந்து பார்த்தால், சாதாரண டிஎஸ்எல்ஆர் கேமராவில் எஃப்/1.8 வைத்து, அதாவது லென்ஸ் துளையை அகலத் திறந்து, எடுத்த ஜேபெக் படம். அதில் மாற்ற ஒன்றுமே கிடையாது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது.

போனின் போர்ட்ரெய்ட் மோடில் எடுத்த படத்தில் பின்னணியிலிருந்து முகத்துக்கு ஃபோகஸை நகர்த்தும்போது, மங்கலாகப் பதிந்த எதுவும் தெளிவாவதில்லை. போன் லென்ஸ் சின்னது. நாலைந்து அடி தள்ளி எடுத்தால் முன்னால் இருப்பவரும் பின்னால் இருப்பவரும் ஏறக்குறைய ஒரே தெளிவில்தான் பதிகிறார்கள். எது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்ற ஆழ வரைபடத்தையும் போன் அதே கோப்புக்குள் வைத்துக்கொள்கிறது. திரையில் நீங்கள் பார்க்கும் மங்கல் அதை வைத்துப் பிற்பாடு பூசியது. இங்கே பூசியதை அழித்து அங்கே பூசலாம், அவ்வளவுதான். லென்ஸே மங்கலாகப் பதித்ததை அது தொடாது. சந்தேகம் இருந்தால் அதே போனை ஒரு சாண் தூரத்தில் வைத்துத் தாலியை எடுத்துப் பாருங்கள். பின்னால் முகம் நிஜமாகவே மங்கும். எந்த ஸ்லைடரும் அதை மீட்காது.

அந்த வரைபடமும் அப்படியொன்றும் நுணுக்கமானதல்ல. ஐபோன் 7 பிளஸ்ஸில் படம் 4032க்கு 3024 பிக்சல், ஆழ வரைபடம் வெறும் 768க்கு 576. மல்லிகைச் சரத்தின் ஓரம், ஜிமிக்கியின் ஓட்டை, மூக்குக் கண்ணாடி எல்லாம் தப்பாக வெட்டுப்படுவது இதனால்தான். புதிய போன்களில் நிலைமை தேவலாம். அச்சடிக்குமுன் 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்க்கும் வேலை மட்டும் குறையவில்லை.

"ஏஐ போட்டு ஷார்ப் பண்ணுங்க" என்பது அடுத்த கோரிக்கை. நூலிழை பிசகியிருந்தால் உதவும். முகமே கரைந்துபோயிருந்தால் அது இமையையும் பல்வரிசையையும் தானே கற்பனை செய்து வைக்கும். படத்தில் வருபவர் அழகாகத்தான் இருப்பார், உங்கள் பாட்டியாக இருக்க மாட்டார்.

எடுத்த பிறகு உண்மையிலேயே ஃபோகஸ் மாற்றும் கேமராவும் வந்தது. ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்டம் பெற்ற ரென் இங் தொடங்கிய லைட்ரோ நிறுவனம் அதை 2012இல் விற்பனைக்கு விட்டது. ஒளியைப் பதியும் சென்சாருக்கு முன்னால் நுண்லென்ஸ் வரிசை. ஒளி எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதும் பதிவாகும். திசைக்கே பிக்சல்கள் செலவானதால் கையில் கிடைத்த படம் 1080க்கு 1080. அங்குலத்துக்கு 300 புள்ளி (300 டிபிஐ) என்று அச்சிட்டால் மூன்றரை அங்குலச் சதுரம். 2014இல் வந்த 'இல்லம்' (Illum) என்ற மாடலிலும் சுமார் 4 மெகாபிக்சல்தான், அதாவது எட்டு அங்குல அகலம். 12க்கு 36 அங்குல ஆல்பத்தில் ஒரு மூலைக்குப் போதும். படங்களைப் பகிரும் தளம் 2017 நவம்பர் 30இல் நின்றது, 2018 மார்ச்சில் நிறுவனமே மூடியது. செகண்ட்ஹேண்டில் மலிவாக வருகிறதென்று பாயாதீர்கள். சாதாரண போட்டோ மென்பொருளில் அதன் கோப்பு திறக்காது.

பானாசோனிக் கேமராக்கள் சிலவற்றில் இருக்கும் போஸ்ட் ஃபோகஸ் வேறு வகை. ஃபோகஸை முன்னிருந்து பின்னுக்கு ஓட்டியபடியே சின்ன 4கே வீடியோ எடுக்கும். பிறகு கேமராத் திரையில் வேண்டிய இடத்தைத் தொட்டால் அந்த ஃபிரேம் 8 மெகாபிக்சல் ஜேபெக்காகச் சேமிக்கப்படும். ட்ரைபாட் அவசியம், மெமரி கார்டு வேகமாக எழுதும் யு3 வகையாக இருக்க வேண்டும். நகையும் சீர்வரிசைத் தட்டும் எடுக்க அருமை. ஆள் அசைந்தால் வீண். படம் எடுத்தாயிற்றே என்று அந்த வீடியோவை அழித்தால் மறுபடி ஃபோகஸ் மாற்ற முடியாது. கேனான் கேமராக்கள் சிலவற்றில் வரும் டூயல் பிக்சல் ரா என்ற கோப்பு வகையில் ஃபோகஸ் நகர்வது மயிரிழை அளவுதான், மூக்கிலிருந்து கண்ணுக்கு வருவதே சந்தேகம். கோப்பு மட்டும் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

போட்டோகிராபர் தம்பிகளே, உங்களுக்கும் ஒன்று. ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) கேமராவில் 85 எம்எம் லென்ஸ், இரண்டு மீட்டர் தூரம், எஃப்/1.8 என்றால் தெளிவு நிற்கும் ஆழம் சுமார் 6 செ.மீ. மாப்பிள்ளை முடிச்சுப் போடக் குனிந்தாலே போச்சு. எஃப்/5.6க்கு வாருங்கள், 18 செ.மீ. கிடைக்கும், வெளிச்சம் போதாவிட்டால் ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறனை) ஏற்றுங்கள். அதனால் வரும் புள்ளிப் புள்ளியான நாய்ஸைக் குறைக்க வழியுண்டு. ஒரு விஷயம்: படத்தில் வேறெதாவது தெளிவாக இருந்தால் அது ஃபோகஸ் தப்பியது. எல்லாமே ஒரே பக்கமாக இழுபட்டிருந்தால் கை ஆடியது. இரண்டையும் குழப்பிக்கொண்டு லென்ஸைச் சர்வீஸுக்கு அனுப்பாதீர்கள்.

வீட்டுக்காரர்களே, ஐபோன் 15 முதல் சாதாரண போட்டோ மோடிலேயே ஆள், நாய், பூனை தெரிந்தால் ஆழத் தகவல் தானாகச் சேமிக்கப்படும். மற்ற பொருள்களை எடுக்கும்போது திரையில் அவற்றைத் தொட்டு, எஃப் குறி வருகிறதா என்று பாருங்கள். ஏர்டிராப்பில் அனுப்பினால் ஆப்ஷன்ஸில் 'ஆல் போட்டோஸ் டேட்டா'வைப் போடுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் வரைபடம் போய்விடும், அளவும் சுருங்கும். ஃபேமிலி குரூப்பிலிருந்து சேவ் செய்ததை எங்களுக்கு அனுப்பிவிட்டு ஒரிஜினலைத் தேடாதீர்கள். ஆல்பம் அச்சாகி வீட்டுக்கு வரும்வரை தயவுசெய்து போனைக் காலி செய்ய வேண்டாம்.