"அதுதான் தெரியுமே" என்று சொல்வதற்கு முன்

என் ஆலோசனை அறை மேசையில் ஒரு பழைய பென்சில் பை இருக்கும். உள்ளே பென்சில் எதுவும் கிடையாது. அதன் ஜிப்புக்காகத்தான் அதை வைத்திருக்கிறேன்.

"எதிலுமே ஒரு சுவாரஸ்யம் இல்லை மேடம்" என்று சொல்லிக்கொண்டு வருபவர்கள் நிறையப் பேர். வேலை நன்றாகப் போகிறது, வீட்டில் பெரிய சண்டை இல்லை, உடம்பும் பரவாயில்லை. ஆனாலும் நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசமே தெரியவில்லை என்பார்கள். பெரும்பாலும் முப்பத்தைந்தைத் தாண்டியவர்கள். "சின்ன வயசில் ரயிலைப் பார்த்தாலே வாயைப் பிளந்துகொண்டு நிற்பேன். இப்போது மலையைப் பார்த்தாலும் ஒரு போட்டோ எடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறேன்" என்றார் கணக்குத் துறையில் இருக்கும் ஒருவர். அவரைப் பற்றித்தான் இங்கே கொஞ்சம் சொல்லப் போகிறேன். ஆள் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

இப்படி வருபவரிடம் நான் முதலில் பார்ப்பது வேறு ஒன்று. முன்பு பிடித்த எதிலும் இப்போது மனம் ஒட்டவில்லை, அல்லது மனம் எப்போதும் சோர்ந்தே கிடக்கிறது. இது நாள் முழுக்க, இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கிறது. கூடவே தூக்கமோ பசியோ மாறிவிட்டது, வாழ்வதே வீண் என்று தோன்றுகிறது. இப்படி இருந்தால் அதை மனச்சோர்வு நோயாக எண்ணி, தள்ளிப்போடாமல் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். இந்த நிலையில் இருப்பவரிடம் போய் "எதையாவது ரசிக்கப் பாருங்கள்" என்று சொல்வது, கால் முறிந்தவரை ஓடச் சொல்வது போல. தயவுசெய்து வீட்டில் உள்ளவர்களும் அப்படிச் சொல்ல வேண்டாம்.

இந்த மனிதருக்கு அது இல்லை. தூக்கம் சரி, பசி சரி, பிள்ளையோடு இருக்கும்போது சிரிக்கிறார். ஆக, பென்சில் பையை அவர் பக்கம் தள்ளினேன்.

"ஜிப் எப்படி வேலை செய்கிறது, தெரியுமா?"

"தெரியும்."

"பத்துக்கு எத்தனை போடுவீர்கள்?"

"எட்டு."

ஒரு தாளைக் கொடுத்து வரையச் சொன்னேன். இரண்டு வரிசைப் பற்களை வரைந்தார். நடுவில் ஒரு சதுரம். அதோடு பேனா நின்றது. சதுரத்துக்குள் என்ன நடக்கிறது? ஒன்றோடொன்று மாட்டாமல் தனித்தனியாகப் போன பற்கள், அதைக் கடந்ததும் எப்படிப் பிரிக்க முடியாமல் பிடித்துக்கொள்கின்றன? பையை எடுத்து மூக்குக்கு அருகில் வைத்துக்கொண்டு திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். ஐந்து நிமிடம் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

மேலும் கீழும் இழுக்கிற அந்தச் சின்னத் துண்டைத் தையல்காரர்கள் ரன்னர் என்பார்கள். அதன் ஒரு பக்கம் இரண்டு வாய், மறுபக்கம் ஒரே வாய். இரண்டு வாய்க்கும் நடுவில் ஆப்பு போல ஒரு தடுப்பு. மூடும்போது இரண்டு வரிசைகளும் சற்றுச் சாய்ந்து உள்ளே வருகின்றன. சாய்வதால் பற்களுக்கு இடையே இடம் விரிகிறது. ஒரு பல்லின் மேடு எதிர்ப் பல்லின் குழியில் உட்காருகிறது. நேராகி வெளியே வந்ததும் பூட்டிக்கொள்கிறது. திறக்கும்போது அதே ஆப்பு அவற்றைப் பிளந்துகொண்டு போகிறது. தாளில் தன் "எட்டு" என்ற எண்ணை அடித்து "மூன்று" என்று எழுதினார்.

இது அவருடைய குறை இல்லை. ரோசன்பிளிட், கெய்ல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2002-இல் இதையே முறையாகச் செய்து பார்த்தார்கள். ஜிப், பூட்டு, கழிப்பறைத் தொட்டி போன்றவை எப்படி இயங்குகின்றன என்பது தனக்கு எவ்வளவு தெரியும் என்று ஒவ்வொருவரும் மதிப்பெண் போட வேண்டும். பிறகு படிப்படியாக விளக்கி எழுத வேண்டும். எழுதிப் பார்த்த பிறகு தங்கள் மதிப்பெண்ணைத் தாங்களே குறைத்துக்கொண்டார்கள். பயன்படுத்தத் தெரிந்ததை, புரிந்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறோம். வியப்பு போவது வயதாவதால் என்று நினைக்கிறோம். என் அனுபவத்தில் அது போவது "தெரியும்" என்ற ஒரு சொல்லால்.

தொல்காப்பியத்தில் மெய்ப்பாடுகள், அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகள், எட்டு. அவற்றில் வியப்புக்குப் பெயர் மருட்கை. அது எதனால் பிறக்கிறது? "புதுமை பெருமை சிறுமை ஆக்கமொடு மதிமை சாலா மருட்கை நான்கே" என்கிறது நூற்பா. புதியது, பெரியது, சிறியது, ஒன்று இன்னொன்றாக ஆவது. இந்த நான்கில் எதுவானாலும், நம் அறிவு அதற்குப் போதாமல் தடுமாறும்போது மருட்கை. கெல்ட்னர், ஹைட் இருவரும் 2003-இல் எழுதிய உளவியல் கட்டுரையும் பிரமிப்புக்கு இரண்டு கூறுகளைச் சொல்கிறது: பிரம்மாண்டம், அதற்கு இடம் கொடுக்க நம் மனச் சட்டகத்தை மாற்ற வேண்டி வருவது. பெருமையும், மதிமை சாலாமையும்! சிறுமையையும் ஆக்கத்தையும் தொல்காப்பியம் கூடவே சொல்லிவைத்திருப்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்.

ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், பெரியவர்கள் இந்த நான்கில் புதுமையை மட்டுமே துரத்துகிறார்கள். புது ஊர், புது போன், புதுத் தொடர். அந்தக் கதவு வயதாக ஆகக் குறுகத்தான் செய்யும். பழகியதில் கவனம் குறைவது மூளையின் இயல்பு. சில மாதக் குழந்தைகளுக்கே அது உண்டு. ஒரே படத்தைத் திரும்பத் திரும்பக் காட்டினால் அதைப் பார்க்கும் நேரம் குறைந்துகொண்டே போவதை உளவியலாளர் ராபர்ட் ஃபான்ட்ஸ் 1964-இலேயே பதிவு செய்தார். குழந்தைக்கு எல்லாமே புதிது, அவ்வளவுதான். நமக்கு மிச்சமிருக்கும் மூன்று கதவுகளும் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன.

சிறுமைக்கு ஒரு பூதக்கண்ணாடி போதும். போன் திரையில் வெள்ளை நிறம் தெரியும் இடத்தில், நல்ல சக்தியுள்ள ஒன்றை வைத்துப் பாருங்கள். வெள்ளையே இருக்காது. சிவப்பு, பச்சை, நீலம் என்று பொடிப் பொடியான புள்ளிகள்தான். ஆக்கத்துக்கு, ஈரத் துணியில் ஒரு விதையை வைத்துத் தினமும் ஒரே நேரத்தில் பார்த்து வரையலாம்.

பெருமைக்கு சி.வி. ராமன். 1921-இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பும்போது மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். வயது 32. கடல் ஏன் நீலம் என்பதற்கு விடை ஏற்கெனவே இருந்தது. வானத்தின் நீலம் அதில் பிரதிபலிக்கிறது என்று இயற்பியலாளர் ராலே சொல்லியிருந்தார். ராமன் தன்னிடமிருந்த நிக்கோல் பட்டகத்தின் (ஒளியை வடிகட்டும் படிகத் துண்டு) வழியாக அந்தப் பிரதிபலிப்பை மறைத்துவிட்டுப் பார்த்தார். நீலம் போகவில்லை, தண்ணீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்ற முடிவுக்கு வந்தார். அங்கே தொடங்கிய வேலைதான் 1928-இன் கண்டுபிடிப்பு, 1930-இன் நோபல் பரிசு எல்லாம். அந்தக் கப்பலில் வந்த மற்றவர்களும் அதே கடலைத்தான் பார்த்திருப்பார்கள்.

படைப்பாற்றலும் இதோடு ஒட்டியதுதான். 2000-இல் வெளியான ஓர் ஆய்வில், எட்டாத உயரத்தை எட்டப் பிள்ளைகள் வழி கண்டுபிடிக்க வேண்டும். கட்டைகளை அடுக்கினால் உயரம் போதாது. பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் அடுக்க வேண்டும். பெட்டியில் பொருள்கள் வைத்திருந்ததைப் பார்த்த ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு அது தோன்ற அதிக நேரம் பிடித்தது. ஐந்து வயதுக்காரர்களுக்கு அந்தத் தடங்கலே இல்லை. பெட்டி என்றால் எதற்கு என்று அவர்களுக்கு இன்னும் முடிவாகவில்லை!

தடங்கலில்லாத அந்தப் பார்வையைப் பெரியவர்கள் மீட்க ஒரு வழி உண்டு. ஆய்வாளர் டோனி மெக்கஃப்ரி 2012-இல் விவரித்தது. பொருளைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் அதன் உபயோகத்தைச் சொல்லாமல் வர்ணிக்க வேண்டும். அவர் கொடுத்த புதிர் இது: ஒரு மெழுகுவர்த்தியை வைத்து இரண்டு கனமான எஃகு வளையங்களை இணைக்க வேண்டும். மெழுகை உருக்கி ஒட்டினால் நிற்காது. "திரி" என்று சொல்லும்வரை அது எரிய வேண்டிய பொருள். "மெழுகுக்குள் இருக்கும் நீளமான நூல்" என்று சொன்ன மறுகணம் கை தானாக முடிச்சுப் போடப் போகும்.

அப்புறம், "எனக்கு வரைய வராது." தாளைத் தொடுவதற்கு முன்பே இதைச் சொல்லாத பெரியவர்கள் மிகக் குறைவு. நான்கு வயதுக் குழந்தை அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை, "வேறு கலர் இருக்கா?" என்றுதான் கேட்கும். வரைவது நன்றாக வர வேண்டும் என்ற நிபந்தனை எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொள்கிறது. கிரிஜா கைமலும் சக ஆய்வாளர்களும் 2016-இல் 39 பெரியவர்களை 45 நிமிடம் எதையாவது வரைய, பிசைய, ஒட்டவிட்டார்கள். சுமார் முக்கால்வாசிப் பேருக்கு மன அழுத்தத்தோடு தொடர்புடைய கார்டிசால் என்ற ஹார்மோன் குறைந்தது. முன்அனுபவம் இருந்ததா இல்லையா என்பது பெரிய வித்தியாசம் செய்யவில்லை. சின்ன ஆய்வுதான். ஆனால் என் அறையில் நான் பார்ப்பதும் அதையே.

நேரமில்லை என்பவர்களுக்கு வாரம் 15 நிமிடம் கேட்கிறேன். 2020-இல் வெளியான ஓர் ஆய்வில், 60 வயதைக் கடந்தவர்கள் எட்டு வாரம், வாரத்துக்கு அவ்வளவு நேரம் நடந்தார்கள். ஒரு குழுவுக்கு மட்டும், சுற்றி உள்ளதைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்க்கச் சொன்னார்கள். வழியில் எடுத்த செல்ஃபிகளில், வாரங்கள் போகப் போக, அவர்களுடைய உருவம் சிறிதாகி, பின்னால் இருக்கும் மரமும் வானமும் அதிக இடம் பிடித்தன. சிரிப்பு மட்டும் பெரிதானது.

கணக்குத் துறைக்காரர் நான்காவது முறை வந்தபோது கையில் மகளின் பழைய பள்ளிப் பை. ஜிப்பை மூட மூடப் பின்னால் பிரிந்துகொண்டே வந்ததால் தூக்கிப்போட வைத்திருந்த பை. ரன்னரின் வாய் தேய்ந்து அகன்றுவிட்டிருக்கும், அதனால் பற்களை அழுத்த முடியவில்லை என்று அவருக்கே தோன்றியிருக்கிறது. குறட்டால் இரண்டு பக்கமும் மெதுவாக ஒரு அமுக்கு. அவ்வளவுதான், மூடிக்கொண்டது. "ஒரு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம் மேடம், நானும் அவளும்" என்றார். வீட்டில் இருக்கும் மற்ற ஜிப்புகளை எல்லாம் அவள் இப்போது கழற்றிப் பார்க்கக் கேட்கிறாளாம்.