கடலுக்கு வாய்த்த தரைப்பெயர்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் எந்த ஊரில் நின்றாலும் 10 கிலோமீட்டருக்குள் கடலோ கடல்நீரேரியோ வந்துவிடும். ஆயினும் சுன்னாகத்தையோ உடுவிலையோ கரையோர ஊர் என்று இங்கு எவரும் சொல்வதில்லை. விடியற்காலையில் மீன்பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கரையிலிருந்து புறப்படும் வியாபாரிக்கு அவை 'உள்ளுக்கை' இருக்கிற ஊர்கள். கடலை விட்டு விலகிய நிலத்தைச் சுட்ட அவருக்கு 'உள்' என்னும் ஒரு சொல்லே போதும். இதே பொருளுக்கு உரோமர் தம் இலத்தீன் மொழியில் வைத்திருந்த சொல் 'மெடிடெர்ரேனியஸ்'.

ஆம், மத்தியதரைக் கடலின் பெயரில் இருக்கும் அதே சொல்தான். 'மெடியுஸ்' என்றால் நடு, 'தெர்ரா' என்றால் நிலம். இரண்டும் சேர்ந்து, நிலத்தின் நடுவே, அதாவது கடலுக்கு எட்டத்தில் அமைந்த இடத்தைக் குறித்தன. பிரித்தானியாவைப் பற்றி எழுதிய யூலியஸ் சீசர், அங்கே வெள்ளீயம் 'மெடிடெர்ரேனிய' பகுதிகளிலும் இரும்பு கரையோரப் பகுதிகளிலும் கிடைப்பதாகக் குறிப்பிடுகிறார். கடலைப் பற்றிய பேச்சே அச்சொல்லில் இல்லை. உள்நாடு என்பது மட்டுமே பொருள். (அந்த வெள்ளீயம் பெரும்பாலும் கோர்ன்வாலில் கிடைத்தது, அதுவோ மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த ஒரு குடாநாடு. சீசருக்குச் செய்தி சொன்னவர்கள் கரையைச் சரியாகப் பார்க்கவில்லை போலும்.) கடலை உரோமர் 'நமது கடல்' என்றே உரிமையோடு அழைத்து வந்தனர்.

கடலுக்கு எட்டத்தில் உள்ளது என்று பொருள்பட்ட சொல் கடலுக்கே பெயரானது எப்படி என்பதைத் தமிழ் இலக்கணம் படித்தவர்கள் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். இரண்டு சொற்கள் தொகையாக இணையும்போது அவற்றுக்கிடையே உள்ள உறவைக் காட்டும் உருபு மறைந்துவிடுகிறது. அதனால் ஒரு தொகையை விரிக்கும்போது இரண்டு முதல் ஏழு வரையான பொருள்கள் மயங்கும் என்கிறது நன்னூல். 'நடுநிலம்' என்பதை நிலத்தின் நடுவில் உள்ள ஊர் என்று விரித்தால் அது கரையிலிருந்து விலகிய இடம்; நிலங்களின் நடுவில் கிடக்கும் நீர் என்று விரித்தால் அது கடல். சொல்லில் ஓர் எழுத்தும் மாறவில்லை, விரிக்கும் முறைதான் மாறியது. ஐரோப்பா, ஆசியா, ஆபிரிக்கா ஆகிய மூன்று நிலங்களுக்கு இடையே கிடப்பதால் இப்பெயர் என்று, 636ஆம் ஆண்டில் மறைந்த செவில் நகரப் பேராயர் இசிதோர் விளக்கம் தந்தபோது, இரண்டாவது விரிவு நிலைபெற்றுவிட்டது. நாம் பாடசாலையில் படித்த 'மத்தியதரை', அந்த இலத்தீன் தொகையை உறுப்புக்கு உறுப்பு பெயர்த்ததே. கடலுக்கு நிலத்தின் பெயர் அங்கே. வளைந்து உட்புகும் கடலைக் குறிக்கும் 'குடா'வைச் சேர்த்து நிலத்துக்குக் கடலின் பெயர் இங்கே.

'உள்நாடு' என்ற நம் சொல்லும் இதே வகையில் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. உள்நாட்டு மீன்பிடி என்றால் குளத்திலும் நன்னீரிலும் பிடிப்பது. அங்கே கரைக்கு எதிர்ப்பொருள். உள்நாட்டு உற்பத்தி என்றால் வெளிநாட்டுக்கு எதிர்ப்பொருள். பருத்தித்துறைக் கடலோரத்தில் செய்த பொருளும் உள்நாட்டு உற்பத்திதான். வீட்டுக்கு வரும் கடித உறையில் 'உள்நாட்டு இறைவரித் திணைக்களம்' என்று காணும்போது, ஆங்கில வழக்கைப் பெயர்த்த அந்தத் தொடரில் இரு பொருளும் தொட்டுக்கொண்டு நிற்கின்றன. துறைமுகத்தில் வாங்கப்படுவது சுங்கம், நாட்டுக்குள்ளே திரட்டப்படுவது இறைவரி என்ற பழைய பிரிவினையின் எச்சம் அது.

பழந்தமிழில் இந்தக் குழப்பத்துக்கு இடமிருக்கவில்லை. கரையை நடுவில் வைத்து மற்றவற்றை 'உள்' என்று தள்ளாமல், தொல்காப்பியம் காடுறை உலகம், மைவரை உலகம், தீம்புனல் உலகம், பெருமணல் உலகம் என ஒவ்வொரு நிலத்துக்கும் அதனதன் அடையாளத்தால் பெயர் சொல்கிறது. இவற்றில் கடற்கரை நான்கில் ஒன்று மட்டுமே. தீம்புனல் என்பது இனிய நீர். கிணற்றுத் தண்ணீர் உவரா நல்லதா என்று குடித்துப் பார்த்தே காணியை மதிப்பிடும் ஊர்க்காரருக்கு 'உள்நாடு' என்பதைவிட இது பொருத்தமான சொல் என்பது என் எண்ணம்.

எனினும் பெயர்கள் உள்ளிருந்து கரைக்குப் போவது யாழ்ப்பாணத்திலும் நடந்திருக்கிறது. வடமராட்சியில் கடலோரத்திலிருந்து தெற்கே சற்று உள்ளே போனால், தோட்டங்களுக்கு நடுவே வல்வெட்டி என்ற ஊர் இருக்கிறது. கப்பலோட்டத்துக்குப் பெயர்பெற்ற கரையூரோ, அந்த உள்ளூரின் பெயரோடு ஒரு 'துறை'யைச் சேர்த்துக்கொண்டு வல்வெட்டித்துறை என்று வழங்குகிறது.