ஒரே ஓவியத்தில் இரண்டு சூரியன்

வரைந்த இயற்கைக் காட்சியில் ஏதோ சரியில்லை என்று தூக்கிக்கொண்டு வருபவர்களில், இந்த மாதத்தில் இவர் மூன்றாவது ஆள். பெரிய கேன்வாஸ், பொறுமையான வேலை. "என்னமோ இடிக்குது சார், என்னன்னுதான் பிடிபடல" என்றார். நிழலைப் பாருங்கள் என்றேன். மரத்தின் நிழல் இடப்பக்கம் விழுகிறது, பாறையின் நிழல் வலப்பக்கம். மரம், காலையில் போட்ட ஸ்கெட்ச்சிலிருந்து வந்திருக்கிறது. பாறை, மாலையில் கிளம்பும்போது போனில் எடுத்த போட்டோவிலிருந்து.

"போட்டோதான் இருக்கே, ஸ்கெட்ச் எதுக்கு?" இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. போன் கேமராவின் லென்ஸ் அகலமாகப் பார்க்கும். நேரில் அண்ணாந்து பார்த்த மலை, படத்தில் எறும்புப் புற்றாகச் சுருங்கிக் கிடக்கும். வானத்தின் வெளிச்சத்துக்கு ஏற்பப் படம் எடுத்தால் மரத்தடி நிழல் கறுத்துப் போகும். நேரில் அதே நிழலுக்குள் பச்சையும் ஊதாவும் இருந்ததை உங்கள் கண் பார்த்தது, போன் பார்க்கவில்லை. நிழலில் கறுப்பு வண்ணத்தை அப்படியே பிதுக்கி வைத்திருந்தால், போட்டோ பார்த்து வரைந்தது என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடுவேன்.

இதெல்லாம்கூடப் போகட்டும். போட்டோ எதையும் விடாது, அதுதான் பெரிய தொல்லை. வீட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்தால் ஒவ்வொரு இலையும் "என்னையும் வரை" என்று நிற்கும். களத்திலோ வெளிச்சம் ஓடிக்கொண்டிருக்கும், கை தானாகவே எது வேண்டும், எது வேண்டாம் என்று பிரித்துவிடும். ஸ்கெட்ச் என்பது அந்த முடிவுகளின் குறிப்பேடு. அழகாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆங்கிலேய இயற்கைக் காட்சி ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1821, 1822ஆம் ஆண்டுகளில் மேகங்களை வரைந்த தாள்கள் பலவற்றின் பின்னால் தேதி, நேரம், காற்றின் திசை எல்லாம் எழுதி வைத்தார். தன் ஆறடி ஓவியங்கள் சிலவற்றுக்கு அதே ஆறடி அளவில் முன்வரைவே தீட்டினார். நாம் ஒரு தாளுக்குச் சலித்துக்கொள்கிறோம்.

களத்தில் உட்கார்ந்ததும் தாளின் மூலையில் ஓர் அம்புக்குறி போடுங்கள், வெளிச்சம் வரும் பக்கம். கூடவே மணி. நிழல்களை முதல் பத்து நிமிடத்தில் முடித்துவிடுங்கள். சூரியன் மணிக்கு 15 டிகிரி நகரும்; பிறகு நிழல் எங்கே போனாலும் நீங்கள் போட்டதைத் தொடாதீர்கள். பெரிய தாளுக்குப் போகும் முன் தீப்பெட்டி அளவில் நான்கு கட்டங்கள் போட்டு, வெளிர், நடு, அடர் என்று மூன்றே டோனில் காட்சியை அடக்கிப் பாருங்கள். அதில் நிற்காத கம்போசிஷன், அதாவது காட்சியின் அமைப்பு, கேன்வாஸிலும் நிற்காது. நிறத்தை எழுத்தில் குறியுங்கள்: "மலை சாம்பல் நீலம், வானத்தைவிட ஒரு படி அடர்த்தி." வெறுமனே "நீலம்" என்று எழுதி வந்தால் வீட்டில் ஒன்றுக்கும் உதவாது.

இன்னொன்று, தயவுசெய்து. கேன்வாஸின் விகிதத்தில் சட்டம் போட்டுவிட்டு அதற்குள் வரையுங்கள். ஏ4 தாளைப் படுக்கவைத்து முழுக்க வரைந்துவிட்டு 20க்கு 16 அங்குல கேன்வாஸுக்கு மாற்றினால், அகலத்தில் கிட்டத்தட்ட மூன்றரை சென்டிமீட்டர் வெட்டுப்படும். ஓரத்து மரம் போய்விடும், அல்லது எல்லாவற்றையும் நெருக்கித் திணிப்பீர்கள். விகிதம் சரியாக இருந்தால் இரண்டிலும் ஒரே எண்ணிக்கையில் கட்டம் போட்டு மாற்றுவது அரைமணி வேலை. கேன்வாஸில் பென்சிலை அழுத்தாதீர்கள், நீர்த்த வண்ணத்தைத் தூரிகையால் தொட்டு வரையுங்கள்.

அந்த இரண்டு சூரியன்காரருக்கு அதிர்ஷ்டம், எண்ணெய் வண்ணம், பாறை இன்னும் காயவில்லை. வண்ணம் கலக்கும் பேலட் நைஃபால் சுரண்டி எடுத்தோம். ஸ்கெட்ச்சில் மணியும் இல்லை, அம்பும் இல்லை. மரத்தண்டின் ஒளிப்பக்கத்தைப் பார்த்துப் பாறைக்குக் கணக்குப் போடவே மதியமாகிவிட்டது. சுரண்டிய இடத்தில் பழைய நிழல் இன்னும் மங்கலாகத் தெரிகிறது. காய்ந்த பிறகு இன்னொரு பூச்சு கொடுக்க வேண்டும்.