சோலார் மானியத்தை நம்பி வாடகைக்கு விட வீடு வாங்க அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மதுரை வில்லாபுரம் பக்கம் மூன்று போர்ஷன் உள்ள பழைய வீடு வாங்கினார். பென்ஷன் பணம். "மாடியில சோலார் போட்டுருங்க சார், 78,000 மானியம் வந்துரும், மூணு வீட்டுக்கும் கரண்ட் பில்லே இருக்காது, வாடகையைக் கூட்டிக்கலாம்" என்று புரோக்கர் சொன்னதை அப்படியே நம்பிவிட்டார். கிரயம் முடிந்து மின்வாரிய அலுவலகத்துக்குப் போன பிறகுதான் விஷயம் தெரிந்தது. மின் இணைப்பு விற்றவர் பெயரில்கூட இல்லை. எப்போதோ இறந்துபோன அவருடைய அப்பா பெயரில் இருந்தது.

திட்டம் என்னவோ நல்ல திட்டம்தான். பி.எம். சூரிய கர் என்ற பெயரில் மத்திய அரசு 2024 பிப்ரவரியில் தொடங்கியது. வீட்டு மாடியில் சோலார் போட்டால் முதல் இரண்டு கிலோவாட்டில் ஒவ்வொன்றுக்கும் 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000. ஆக மொத்தம் 78,000. அதற்கு மேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் அவ்வளவுதான்.

சிக்கல் எல்லாம் பெயரில்தான் தொடங்கும். விண்ணப்பம் மின் இணைப்பு எண்ணை வைத்துப் போடுவது. கிரயப் பத்திரம் உங்கள் பெயரில் இருந்தாலும், இணைப்பு வேறொருவர் பெயரில் இருந்தால் நகராது. ஆசிரியரோடு நானும் நாலு தடவை அலைந்தேன். ஒரு நாள் "பழைய ஓனரோட சம்மதக் கடிதம் வேணும்" என்றார்கள். இறந்தவரிடம் எங்கே போய்க் கையெழுத்து வாங்குவது? அடுத்த முறை வாரிசுச் சான்று. அதற்கடுத்த முறை புதுப் பெயரில் சொத்து வரி ரசீது. நாலாவது முறை, "ஏ.இ. (உதவிப் பொறியாளர்) லைனுக்குப் போயிருக்கார், நாளைக்கு வாங்க." அந்தச் சம்மதம் கேட்பது மின்வாரியத்தில் இருக்கும் பழைய டெபாசிட் பணத்தை உங்கள் பெயருக்கு மாற்றத்தான். அது கிடைக்காவிட்டால் புதிதாக டெபாசிட் கட்டி, உறுதிமொழிப் பத்திரம் கொடுத்துப் பெயர் மாற்றிக்கொள்ளலாம். இந்த வழியை ஒரு கவுண்டரிலும் எங்களுக்குச் சொல்லவில்லை. நாங்களாகத் தேடிப் படித்துப் போய்ச் சொன்ன பிறகுதான் ஒத்துக்கொண்டார்கள். வயதானவரை அத்தனை நாள் படியேற வைத்ததை இன்றைக்கு நினைத்தாலும் ஆற்றாமையாக இருக்கிறது.

அடுத்தது, புரோக்கர்கள் மறைக்கும் கணக்கு. பொதுவாக ஒரு சோலார் ஒரு மீட்டரோடுதான் சேரும். மூன்று போர்ஷனுக்கு மூன்று மீட்டர் இருந்தால், மாடியில் போட்டது ஒரு போர்ஷனின் பில்லைத்தான் குறைக்கும். மூன்று கிலோவாட் போட்டால் மதுரை வெயிலுக்கு நாளைக்குச் சுமார் 12 யூனிட், இரண்டு மாதத்துக்கு 700 யூனிட் வரும். சின்னப் போர்ஷனில் குடியிருப்பவர் இரண்டு மாதத்துக்கு ஓட்டுவது 180 யூனிட். அதில் 100 இலவசம். மீதிக்கு அவர் கட்டுவது இருநூறு ரூபாய் அளவுதான். அதை மிச்சம் பிடிக்கவா கடன் வாங்கிச் சோலார் போடுவது? 500 யூனிட்டைத் தாண்டி ஏ.சி. ஓடும் வீட்டுக்குத்தான் இது கட்டுப்படியாகும்.

கீழே கடை இருந்து வணிக இணைப்பு என்றால் அந்த மீட்டருக்கு மானியம் கிடையாது. அடுக்குமாடியில் ஃபிளாட் வாங்கினால் மொட்டை மாடி உங்களுக்குத் தனியாகச் சொந்தமில்லை. விற்றவர் ஏற்கெனவே சோலார் மானியம் வாங்கிய வீடு என்றால் மறுபடி முழு மானியம் கிடைக்காது. இந்த மூன்றையும் அட்வான்ஸுக்கு முன்பே விசாரியுங்கள்.

வீட்டுக்கு மின் சிக்கன நட்சத்திரம் கொடுக்கும் முறை மத்திய அரசிடம் உண்டு. ஆனால் மாசி வீதியிலோ ஆனையூரிலோ வாடகைக்கு விடும் பழைய வீட்டில் அதைத் தேடிப் பயனில்லை. அந்த வீட்டின் ஒரு வருட ரீடிங்தான் உங்களுக்கு நட்சத்திரம். இணைப்பு எண்ணை வாங்கி மின்வாரிய இணையதளத்தில் பாருங்கள், நிலுவை இருந்தாலும் தெரிந்துவிடும். சித்திரை, வைகாசியில் மட்டும் யூனிட் எகிறியிருந்தால் மேல்தளம் அடுப்பாகக் காய்கிறது என்று அர்த்தம். குடிவருபவர் அடுத்த கோடைக்குள் காலி செய்துவிடுவார். பகல் இரண்டு மணிக்கு மாடி அறையில் கால் மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். மரக்கட்டை போட்ட பழைய சுண்ணாம்புத் தளமாக இருந்தால், பொறியாளர் பார்க்காமல் அதன்மேல் பேனல் ஏற்றாதீர்கள். மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டக் கூடாது. அங்கே மூன்றாவது மாடியைக் காட்டி வாடகைக் கணக்குச் சொன்னால், வரி ரசீதைப் பார்த்துத் திருப்தி அடையாமல், அனுமதி வரைபடத்தைக் கேளுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சப்-மீட்டர் வைத்துக் குடியிருப்பவரிடம் யூனிட்டுக்குப் பத்து ரூபாய் வாங்கி, அவருக்குச் சேர வேண்டிய இலவச யூனிட்டையும் தின்று லாபம் பார்க்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். அது அநியாயம். தமிழகத்தின் 2017 வாடகைச் சட்டத்தில், ஒப்பந்தத்தில் வேறு விதமாகப் பேசியிருந்தால் தவிர, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. ஒயரிங், குழாய், வெள்ளையடிப்பு எல்லாம் உரிமையாளர் பொறுப்பு. பழைய வீடு வாங்கும்போதே இந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

சோலார் போடும் நிறுவனம் இந்தத் திட்டத்தின் தேசிய இணையதளத்தில் பதிவானதா, பேனல் இந்தியாவில் செய்ததா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று தவறினாலும் மானியம் போச்சு. மானியம் உங்கள் வங்கிக் கணக்குக்குத்தான் வரும், அதுவும் வேலை முடிந்து மீட்டர் மாற்றிய பிறகு. "கழிச்சுக்கிட்டு மீதியைக் குடுங்க" என்பவரை நம்பாதீர்கள். விண்ணப்பம் போட்டால் பதிவு எண் இல்லாமல் வெளியே வராதீர்கள். இழுத்தடித்தால் மின்வாரியப் புகார் மையமான மின்னகம் 94987 94987-ல் புகாரைப் பதியுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மதுரை மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்தில் எழுதிக் கொடுங்கள்.

கிரய ஒப்பந்தத்தில் இந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள்: மின் இணைப்பைப் பெயர் மாற்றத் தேவையான சம்மதத்தையும் டெபாசிட் மாற்றுக் கையெழுத்தையும் விற்பவர் பத்திரப் பதிவு அன்றே தர வேண்டும். முழுப் பணம் கைமாறிய மறுநாள் அவர் போனை எடுக்க மாட்டார்.