வேலையை விடும் முன் யாரிடம் கேட்கிறோம்?

வருமான வரி ஆலோசனைத் தொழிலில் இருக்கும் எங்களிடம் பலரும் முடிவெடுத்த பிறகே வருகிறார்கள். வேலையை விட்டாயிற்று, பி.எஃப். பணத்தை எடுத்தாயிற்று, பாலிசிப் படிவத்தில் கையெழுத்திட்டாயிற்று. இனி வரி எவ்வளவு என்று பார்ப்பது மட்டுமே மிச்சம் என்ற நிலையில் கோப்புடன் வந்து அமர்கிறார்கள். இவர்கள் யோசிக்காமல் செய்தவர்கள் அல்லர். பெற்றோர், மைத்துனர், உடன் வேலை செய்யும் நண்பர்கள் என்று நெருக்கமான எல்லோரிடமும் கலந்து பேசியவர்கள்தான். ஆனால், அவர்கள் கேட்ட அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது ஏறக்குறைய ஒரே செய்திதான்.

அடிக்கடி நான் காணும் ஒரு நிலையைச் சொல்கிறேன். கோவையில் ஒரு தொழிற்சாலையில் நான்கரை ஆண்டுகள் வேலை பார்த்த இளைஞர், கூடுதல் சம்பளத்துக்கு வேறு நிறுவனம் மாறுகிறார். பழைய பி.எஃப். தொகையை எடுத்து வீட்டு மனைக்கு முன்பணம் கொடுத்துவிடலாம் என்று நண்பர்கள் சொல்ல, அப்படியே செய்கிறார். ஐந்து ஆண்டுத் தொடர் பணிக்காலம் நிறைவடையும் முன் எடுக்கப்படும் தொகைக்குப் பொதுவாக வரி உண்டு. தொகை 50,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் என்றால் 10 சதவீதம் முன்கூட்டியே பிடிக்கப்படும். கணக்கைப் புதிய நிறுவனத்துக்கு மாற்றியிருந்தால் இரண்டு பணிக்காலங்களும் சேர்ந்து எண்ணப்பட்டு, சில மாதங்களிலேயே அந்த ஐந்து ஆண்டு நிறைவடைந்திருக்கும். இதைவிடப் பெரிய இழப்பு பலருடைய கண்ணில் படுவதே இல்லை. பி.எஃப். தொகையோடு ஓய்வூதியப் பங்கையும் எடுத்துவிட்டால், மாத ஓய்வூதியத்துக்குத் தேவையான பத்து ஆண்டுக் கணக்கில் அந்த நான்கரை ஆண்டுகள் சேராமல் போய்விடும். மனிதவளத் துறையிலோ கணக்குத் துறையிலோ இருக்கும் ஒருவரிடம் பத்து நிமிடம் பேசியிருந்தால் இதெல்லாம் முன்பே தெரிந்திருக்கும். பழக்கத்தில் அப்படி ஒருவர் இல்லை என்பதுதான் குறை.

அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973இல் வெளியிட்ட கட்டுரை இதை வேறொரு கோணத்தில் காட்டுகிறது. பாஸ்டனை அடுத்த நியூட்டன் பகுதியில், தெரிந்தவர் மூலம் புது வேலை பெற்றவர்களிடம், தகவல் சொன்னவரை அந்தக் காலத்தில் எவ்வளவு அடிக்கடி சந்தித்தீர்கள் என்று அவர் கேட்டார். அடிக்கடி என்றவர்கள் 16.7 சதவீதம், எப்போதாவது என்றவர்கள் 55.6, அரிதாகவே என்றவர்கள் 27.8. நெருங்கியவர்கள் நாம் புழங்கும் வட்டத்திலேயே புழங்குவதால் அவர்கள் காதுக்கு எட்டுவது நம் காதுக்கும் எட்டிவிடுகிறது. புதிய செய்தி ஓரளவு விலகி நிற்பவரிடமிருந்தே வருகிறது. தொழில்முறைத் தொடர்புகளுக்கான லிங்க்டுஇன் தளத்தில் 2 கோடிக்கும் மேற்பட்டவர்களின் தொடர்புகளை ஆராய்ந்து 2022இல் வெளியான ஆய்வும், வேலை மாற்றத்துக்கு அதிகம் உதவியவர்கள் மிக நெருக்கமானவர்களும் அல்லர், முற்றிலும் அந்நியரும் அல்லர், மிதமான பழக்கமுள்ளவர்களே என்று கண்டது.

இந்த இடத்தில் தமிழ்நாட்டின் முதல் தலைமுறைப் பட்டதாரிகளை நினைக்காமல் இருக்க முடியவில்லை. முதல் பட்டதாரிச் சான்றிதழ் அவர்களுக்குக் கல்லூரிக் கட்டணத்தில் சலுகை பெற்றுத் தந்தது. ஆனால் சம்பளம் பேசுவது எப்படி, நோட்டீஸ் காலத்தை எப்படிக் கணக்கிடுவது, ஒப்பந்தத்தில் எந்த நிபந்தனையைக் கவனிப்பது என்று சொல்லித்தர வீட்டில் சித்தப்பாவோ மாமாவோ இல்லை. வசதியுள்ள குடும்பங்களில் சாப்பாட்டு நேரப் பேச்சிலேயே கிடைத்துவிடும் அறிவை இவர்கள் வெளியில் தேடித்தான் பெற வேண்டியிருக்கிறது. குழந்தை வளர்ப்புக்காகச் சில ஆண்டுகள் வேலையிலிருந்து விலகிய பெண்களின் நிலையும் இதுவே. திறமை குறையாமல் இருக்க, பழக்கம் மட்டும் அறுந்துபோகிறது. பழைய மேலாளருக்கும் சக ஊழியருக்கும் ஆண்டுக்கு இரண்டொரு முறை நலம் விசாரித்து எழுதினாலே அந்த இழை அறாமல் இருக்கும்.

கேட்கும் முறையும் முக்கியம். "ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்கள்" என்ற வேண்டுகோளுக்கு யாராலும் உருப்படியாகப் பதில் சொல்ல முடியாது. "இந்தப் பிரிவிலிருந்து அந்தப் பிரிவுக்கு மாறியவர் நீங்கள், முதல் ஆண்டில் எது கடினமாக இருந்தது?" என்று கேட்டால், வேலைப்பளுவில் இருப்பவரும் நின்று பதில் சொல்வார். அவர் சொன்னதைச் செய்து பார்த்தபின் என்ன ஆயிற்று என்று திரும்பத் தெரிவிப்பது மரியாதை. பலர் இதைச் செய்வதில்லை என்பது எனக்கு வருத்தமே.

பண முடிவுகளில் கூடுதலாக ஒன்றைப் பார்க்க வேண்டும்: நமக்கு யோசனை சொல்பவருக்கு, நம் முடிவால் வருமானம் உண்டா? வங்கியில் பரிவோடு பேசும் அதிகாரிக்குக் காப்பீட்டு விற்பனை இலக்கு இருக்கலாம். உறவினரான முகவருக்குக் கமிஷன் உண்டு. அதனால் அவர்கள் தவறானவர்கள் ஆகிவிட மாட்டார்கள், ஆனால் அவர்கள் சொல்லை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது. பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியின் 2013ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி பதிவுபெற்ற முதலீட்டு ஆலோசகர், தாம் ஆலோசனை சொல்லும் வாடிக்கையாளரிடம் கட்டணம் பெறலாம். அந்த வாடிக்கையாளருக்கே திட்டங்களை விற்றுக் கமிஷன் பெற முடியாது. ஆலோசகருடைய பதிவு எண்ணைச் செபியின் இணையதளத்திலேயே சரிபார்க்கலாம். முகம் தெரியாத டெலிகிராம் குழுவில் பங்குக் குறிப்பு தருபவருக்கு இந்தப் பொறுப்பு எதுவும் கிடையாது. அங்கே ஆயிரம் பேர் இருந்தாலும் அது தொழில்முறைப் பழக்கம் ஆகாது.

ஏற்கெனவே கையெழுத்திட்டுவிட்ட ஆயுள் காப்பீட்டு பாலிசி என்றால், ஆவணம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் அதைத் திருப்பித் தர உரிமை உண்டு. சிறு பிடித்தங்கள் போக மீதிப் பணம் திரும்பக் கிடைக்கும். அந்த 30 நாட்களுக்குள், அதை விற்காத ஒருவரிடம் பாலிசியைக் காட்டிப் படிக்கச் சொல்லுங்கள்.